இது செவ்வந்திக்கல் அல்ல

போன வாரம் சிறுசேரியில் ஒரு பார்லரில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். மகள் கொடுத்த கூப்பனை வீணாக்க மனம் வரவில்லை. சாயம் காய, ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு பெட்டிக்குள் கையை விடச் சொன்னார்கள். விட்டதும் என் மோதிரக் கல் நீலமாக ஜொலித்தது. பூசிவிட்ட பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, மோதிரம் எரியுது!"

"ஃப்ளூரைட்டும்மா, இந்த வெளிச்சத்துல அப்டித்தான் மின்னும்" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. இந்தக் கல்லால்தான் என் முதல் வேலையே போகவிருந்தது.

அப்போது மாமல்லபுரத்தில் பஷீர் பாயின் கல் நகைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு தட்டு நிறைய ஊதாக் கற்கள் வந்தன. அனுப்பியவர் அவற்றைச் செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட், என்றதை பாய் நம்பினார். பாய் சொன்னதை நான் நம்பினேன். "ஆயுசுக்கும் தேயாது சார்" என்று விற்பேன். என் ஆயுசே அப்போது இருபதுதான்.

கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை பார்த்த ஒரு கோயம்புத்தூர்க்காரர், வாங்கிப்போன கல்லோடு மறுநாளே வந்து நின்றார். "ஏனுங்க, செவ்வந்திக்கல்லைக் கத்தி கீறாதுங்க. இது கீறுது. இது ஃப்ளூரைட்டுங்க."

கடை நிறைய ஆட்கள். பாயின் முகம் சிவந்தது. "வித்தவ நீதானே? இவரு சொல்றது நெஜம்னா, நாளைலேந்து நீ வர வாணாம்." என் சம்பளத்தில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் காப்பாற்ற வந்தார் பக்கத்துப் பட்டறைச் சிற்பி ஏழுமலை. கருங்கல்லைத் தட்டி, ஓசையை வைத்தே ஆண் கல்லா பெண் கல்லா என்று சொல்லிவிடுவார். "கத்தி இன்னா சொல்றது? கல்லே சொல்லும். குடு சார்!" என்று, அந்தச் சின்னக் கல்லின்மேலும் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். துண்டு போட்ட மைசூர்பாகு போல அது வழவழவென்று இரண்டாகப் பிளந்தது.

"பாத்தீங்களா! ஃப்ளூரைட்டு இப்படித்தானுங்க நேரா பிளக்கும்!" கோயம்புத்தூர்க்காரர் குதிக்காத குறை. பச்சையிலும் மஞ்சளிலும்கூடக் கிடைக்குமாம். இரும்பு உருக்கும் உலையில் கசடை இளக்குமாம், கேமரா லென்ஸ் செய்யலாமாம். ஏழுமலை உளியை மடியில் செருகிக்கொண்டு நழுவினார்.

"இவ்ளோ நல்ல கல்லுக்கு இன்னாத்துக்கு வேற பேரு?" என்று பாய் முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இரும்மா. ஏமாந்தவன் நான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே தட்டின்மேல் ஓர் அட்டை வைத்தார்: 'இது செவ்வந்திக்கல் அல்ல. இரும்பு உருக்க உதவும்.' மோதிரம் வாங்க வருகிறவர்கள் வீட்டில் யார் இரும்பு உருக்குகிறார்கள்? ஒரு கல்கூட விற்கவில்லை. என் கல்யாணத்துக்கு அதில் ஒன்றைத்தான் மோதிரமாகக் கட்டிக் கொடுத்தார். அதையும் சும்மா கொடுத்தாரா? "இது செவ்வந்திக்கல் இல்லீங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

பார்லரிலிருந்து நேரே மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பாய் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி. உள்ளே ஒரு தட்டில் அதே ஊதாக் கற்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் அதே வழவழப்பான பிளவு.

"இது இன்னா கல்லும்மா?"

"செவ்வந்திக்கல் ஆன்ட்டி. ஆயுசுக்கும் தேயாது." விற்க நின்ற அந்தப் பெண்ணுக்கும் இருபது வயதுதான் இருக்கும்.

அவளை என்ன சொல்ல? என் கண் தட்டின்மேல் அட்டையைத் தேடியது. அட்டை இல்லை. பாய் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.