கைதட்டினார்கள், சிரிக்கவில்லை

அந்த அலுவலகத்தின் நான்காம் மாடியில் கழிவறைகளைச் சுத்தம் செய்பவளுக்கு நக்கல் பிறவிக்குணம். மாப்புகளும் பினாயில் கேன்களும் அடைத்துக்கிடக்கும் சின்ன அறையில் மதியம் சாப்பிட உட்காரும்போது, மேலாளர்கள் ஒவ்வொருவரும் கண்ணாடி முன் எப்படித் தலை சீவுகிறார்கள் என்று நடித்துக் காட்டுவாள். லிஃப்ட் துடைக்கும் பெண்ணுக்குப் புரையேறும். சிரித்தால் சுவர் அதிரும் என்பதால் அந்தப் பெண்ணுக்கு 'வெடி' என்றே பெயர். ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பது எந்தக் கணக்கில் சேரும்? தன்னைத் தெரியாத நாலு பேர் சிரிக்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அந்த ஆசை அவளை ஆட்டிப்படைத்தது.

அதே மாடியில் விளம்பரம் எழுதும் ஒருவன் சனிக்கிழமை மாலைகளில் ஒரு காபிக்கடையின் மேல்தளத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திவந்தான். மைக்கைப் பிடித்தால் சமூகத்தைக் கிழிகிழியென்று கிழிப்பவன். ஒருநாள் அந்தச் சின்ன அறையிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்தவன் அசந்துபோய் அவளை மேடைக்கு அழைத்தான். பெரிய மனசு. ஒரே ஒரு நிபந்தனை, சீருடையிலேயே வரவேண்டும். அப்போதுதான் உண்மையாக இருக்குமாம். அவன் மட்டும் ஏனோ கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மேடை ஏறுவான்.

சீருடையில் போனாள். படியேறியதுமே ஒருவர் காபி கொட்டிய மேசையைக் காட்டினார். கைப்பழக்கம், துடைத்தும் விட்டாள். சற்று நேரத்தில் அவளே மேடையில் நின்றதும் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாவம், காபிக் கோப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"எங்க ஆபீஸ் ஆம்பளைங்க பாத்ரூம்ல ஒரு போர்டு இருக்கு," என்று ஆரம்பித்தாள். "'உங்க வீடு மாதிரி நெனைச்சுப் பயன்படுத்துங்க'ன்னு. அவங்களும் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படித்தான் பயன்படுத்தறாங்க." மூச்சு விடும் நேரம் நிறுத்தினாள். "அவங்க வீட்டம்மாங்களை நெனைச்சாத்தான் எனக்கு மனசே ஆறல."

வெடியைத் தரையில் உருளவைத்த வரி அது. இங்கே யாரும் பல்லைக் காட்டவில்லை. உச்சுக்கொட்டினார்கள். முன்வரிசை அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், இரங்கல் கூட்டம் நல்லபடியாக முடிந்ததைப் போல. இவளைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று அத்தனை நல்லவர்களும் சொல்லிவைத்தாற்போல் முடிவுகட்டியிருந்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நிகழ்ச்சி நடத்தியவனுக்கோ பரம திருப்தி. எல்லோரையும் அழவைத்துவிட்டீர்கள் அக்கா என்று மனதாரப் பாராட்டினான்.

அடுத்த சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். வெடி விடவில்லை. நகைச்சுவை கேட்டு அழுகிற ஜனங்களை நேரில் பார்த்தே தீரவேண்டுமாம். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் அவன். உழைப்பவர்களின் மரியாதை பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசினான். பிறகு இடுப்பில் கைவைத்து, குரலை இழுத்து, அவளைப் போலவே அந்தப் போர்டு கதையைச் சொன்னான். மூச்சு விடும் இடத்தை மட்டும் கோட்டைவிட்டான். அப்படியும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. போன வாரம் கண்ணைத் துடைத்த அம்மாள் இந்த வாரமும் துடைத்தாள், சிரித்துச் சிரித்து.

ஆக, கதையில் குறை ஒன்றுமில்லை. சொன்ன ஆளிடம்தான் குறை. அது புரிந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்தாள்.

"தம்பி, 'அப்படித்தான் பயன்படுத்தறாங்க'ன்னதும் கொஞ்சம் நிறுத்தணும். நான் அப்படித்தான் சொன்னேன்."

திங்கள் முதல் வெள்ளி வரை அவனைச் சார் என்று கூப்பிட்ட வாய். எல்லோரும் திரும்பினார்கள். ஆளை அடையாளம் தெரிந்ததும் ஒவ்வொரு முகமாகத் தொங்கிப்போனது. முன்வரிசை அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

"அம்மா, அதை உள்ள வைங்க," என்றாள் இவள். "துடைக்கறது என் வேலை. நீங்க சிரிக்கற வேலையைப் பாருங்க."

முதலில் சிரித்தது வெடி அல்ல, அந்த அம்மாள்தான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மொத்த அரங்கமும் சிரித்தது. மேடையில் நின்றவன் மரியாதையாகக் கைதட்டிப் பார்த்தான். கூடத் தட்ட ஒருவருக்கும் கை ஒழியவில்லை, ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.