தூசி என்று அழிந்த புள்ளி

டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தது. அப்பாவின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனரில் ‘தூசி நீக்கு’ என்பதைப் போட்டேன்; எங்கள் ஊர் கோத்தா திங்கியின் வெள்ளப் படத்தில், தண்ணீர் நடுவிலிருந்த புள்ளி அழிந்துபோனது. அந்தத் தேர்வை எடுத்துவிட்டதும் புள்ளி திரும்பி வந்தது. அந்தப் புள்ளிதான் சித்தப்பா ஏறிய சம்பான் படகு. அவருடைய கடைசிப் படம்.

அப்பா குளியலறையில் பிலிம் கழுவும்போது இதே நெடிதான் வீடெங்கும் நிற்கும். அந்தச் சுருளையும் கழுவினார், ஆனால் தாளில் படம் போடவில்லை. சித்தப்பா திரும்பவே இல்லை.

அன்று எங்கள் மாடிப்படிகளைப் பழுப்புத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் செம்பனைப் பழக்குலைகள் சத்தமில்லாமல் மிதந்து போயின.

“போகாதடா, தண்ணி சுழிக்குது,” என்றார் அப்பா, கேமராவை இறக்காமல்.

சித்தப்பா துடுப்பை ஊன்றிச் சிரித்தார். “அங்க கூரையில ஆள் ஒக்காந்திருக்குண்ணே. நீங்க படத்தக் கழுவி வைங்க லா, வந்து பாக்குறேன்.”