மலைப் பங்களாவுக்கு வந்த மினி பஸ்

போன ஆடி மாதம் நடந்தது இது. மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். நான் கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய், சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் போனை எடுத்து வைத்துக்கொண்டு கதை படிக்க உட்கார்ந்துவிடுவேன். "என்னாம்மா, பேய் இன்னிக்கு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கண்டக்டரே விசாரிக்கிற அளவுக்கு என் பைத்தியம் பிரசித்தம்.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா காலத்தில் வாராவாரம் பத்திரிகையில் வந்த பழைய மர்மத் தொடர். மலை உச்சியில் ஒரு பங்களா, எந்நேரமும் மூடுபனி, வாயைத் திறக்காத வேலைக்காரர்கள், மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. உள்ளே ஜமீன்தாரின் மனைவி. அவளுக்குச் சித்தப்பிரமை என்று ஊரை நம்ப வைத்திருப்பார் அந்த மனுஷன். பைண்டு பண்ணி வைத்திருந்த அந்தத் தொடரைப் பள்ளிக்கூட நாளிலேயே கரைத்துக் குடித்தவள் நான்.

அந்தக் கதைக்கென்றே செல்போனில் ஒரு ரசிகர் குழு இருக்கிறது என்று தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம். சொந்தப் பெயரில் யாரும் எழுதக்கூடாது. பங்களாவில் இருக்கும் ஏதாவது ஓர் இடத்தின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். குழுவை நடத்தியவர் 'வாசல்'. ஒருவர் 'சமையற்கட்டு', இன்னொருவர் 'பாழுங்கிணறு'. நான் 'மாடிப்படி'. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுக்கு ஒரு மாடிப்படி கட்டித் தா கட்டித் தான்னு கேட்ட, கடைசியில நீயே மாடிப்படி ஆயிட்டியா" என்று சிரித்தார்.

வாசல் ரொம்பக் கறார். சொந்த வீட்டு விவகாரம் எதையும் அங்கே கொண்டுவரக் கூடாது. கதையை விட்டு வெளியே ஒரு வார்த்தை வந்தால் நீக்கிவிடுவார். பெண்கள் நிறையப் பேர் இருந்ததால் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, ஒருவருக்கொருவர் தனியாகச் செய்தி அனுப்பும் வசதியையும் மூடி வைத்திருந்தார். எழுதுவதை எல்லோருக்கும் தெரியத்தான் எழுத வேண்டும். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

வெள்ளிக்கிழமைதான் அங்கே திருவிழா. அன்றைக்குப் பூட்டிய அறைக்குள் இருக்கும் அந்தப் பெண்ணாகவே நம்மை நினைத்துக்கொண்டு நாலு வரி எழுத வேண்டும். யாருக்கு அதிக இதயக்குறி விழுகிறதோ அவருக்கு அந்த வார மகுடம். நானும் விட்டத்தில் வௌவால், கண்ணாடியில் ரத்தம் என்று என் பங்குக்கு அளந்து விடுவேன். இரண்டு முறை மகுடம் வாங்கியிருக்கிறேன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வைகாசி வாக்கில் 'மேல் ஜன்னல்' என்ற பெயரில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அதோடு என் மகுடம் போயிற்று.

அவள் வௌவாலும் எழுதவில்லை, ரத்தமும் எழுதவில்லை. "பூட்டில் இரண்டு வகை உண்டு. சாவி ஒரு சுற்றுச் சுற்றினால் சீக்கிரம் வந்துவிடுவார். இரண்டு சுற்று என்றால் இருட்டிய பிறகுதான். அன்றைக்குக் குடத்துத் தண்ணீரைப் பார்த்துக் குடிக்க வேண்டும்" என்று எழுதினாள். இன்னொரு வாரம், கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவதாக எழுதினாள். குழுவே ஆடிப்போய்விட்டது. 'என்ன கற்பனை!', 'கூடு விட்டுக் கூடு பாய்ந்துவிட்டீர்கள்' என்று புகழ்ந்து தள்ளினார்கள். வாராவாரம் மகுடம் அவளுக்கே. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் பிழை கிடைத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மினி பஸ் பாட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மத்தியானச் சோறு சாப்பிடுவேன்" என்று எழுதியிருந்தாள். விடுவேனா? "ஏம்மா, மலைப் பங்களாவுக்கு மினி பஸ் எப்படி வரும்? அந்தக் காலத்தில் குதிரை வண்டிதானே!" என்று போட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினார்கள். அவள் மட்டும், "வரும் அக்கா. ஒருநாள் வரும்" என்று பதில் எழுதினாள்.

அந்த ஆடி வெள்ளிக்கு வருகிறேன். கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போனைப் பார்த்தால் மேல் ஜன்னல் எழுதியிருந்தாள். "காலையிலிருந்து ஒரு வண்டி மைக்கில் கத்திக்கொண்டே போகிறது. ஆற்றில் தண்ணீர் கூடுகிறதாம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டுமாம். தெருவே மூட்டை கட்டுகிறது. என் கதவில் இன்றைக்கு இரண்டு சுற்று."

அதற்குள் பத்துப் பன்னிரண்டு இதயம் விழுந்திருந்தது. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, 'மலை உச்சியில் வெள்ளமா, கேட்கிறவன் கேனையன் என்றால்...' என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் தாமதமாக ஓடிவந்தாள். அவளுக்குக் குமராட்சிப் பக்கம் ஊர்.

"கோச்சிக்காதீங்கக்கா. எங்க பக்கம் காலையிலேர்ந்து மைக் வச்சி சொல்லிக்கிட்டே போறாங்க. கொள்ளிடத்துல தண்ணி ஜாஸ்தியா வருதாம். ஆத்தோரத்து ஊரையெல்லாம் காலி பண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போவச் சொல்றாங்க. பஸ்ஸே கிடைக்கல."

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. மைக், தண்ணீர், பள்ளிக்கூடம். போனை அவளிடம் நீட்டினேன். அவள் படித்தாள். பழையதையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். பூட்டு, குடத்துத் தண்ணீர், தெருவில் போகும் கால்கள், மினி பஸ். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது கதை இல்லக்கா."

இத்தனை வெள்ளிக்கிழமையும் ஒருத்தி உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் வெளியே நின்றுகொண்டு, 'ஆஹா, என்னமாய்த் தட்டுகிறாள்' என்று மகுடம் சூட்டியிருக்கிறோம்.

தனியாகக் கேட்க வழியில்லை. அவள் போனை வேறு யாராவது பார்த்தாலும் வம்பு. அதனால் கதையிலேயே கேட்டேன். "மேல் ஜன்னலே, உன் கதவுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது? மாடிப்படி கேட்கிறது, சீக்கிரம் சொல்." உடனே பாழுங்கிணறு, "அடடா, விசாரணைக் காட்சி ஆரம்பம்!" என்று கைதட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

பதில் வந்தது. "மாதா கோயில் கொடிமரம். பக்கத்தில் பாதி பெயிண்ட் அடித்துவிட்டுப்போன தண்ணீர்த் தொட்டி. எதிரே சைக்கிள் கடை. என் கதவு பச்சை." அடுத்து ஒரு வரி. "கரண்ட் போய்விட்டது." அதன்பிறகு நான் என்ன எழுதியும் பதில் இல்லை.

"அந்தத் தொட்டி எனக்குத் தெரியும்க்கா. எங்க ஊருக்கு அடுத்த ஸ்டாப்பு" என்றாள் கடைப்பெண். அவள் மாமா அங்கே வார்டு மெம்பர். அவருக்குப் போன் போட்டாள், லைன் கிடைக்கவே இல்லை. நான் பெண்கள் உதவி எண்ணுக்குப் போட்டு, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்கிறோம் என்றார்கள். கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

அந்தப் பக்கம் போக ஒரே ஒரு வண்டிதான் நின்றது. வெள்ளத்தில் மாட்டியவர்களை ஏற்றிவரப் போகிற மினி பஸ். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலே தெரியவில்லை, செம்மண் நிறத்தில் தண்ணீர்தான். வளைவில் டிரைவர் ஹாரனை அடித்தார். பாட்டு ஹாரன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வெள்ளத்தைப் பார்த்து பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

இறங்கினோம். கொடிமரம் இருந்தது. பாதி நீலமும் பாதி சிமெண்டுமாகத் தொட்டி இருந்தது. தெருமுனைவரை தண்ணீர் வந்துவிட்டது. பச்சைக் கதவில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

வார்டு மெம்பர் அங்கேதான் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தே விட்டார். "அந்த வூட்டுலயா? யாரும் இல்லியே! அந்த வூட்டுக்காரர் சம்சாரம் தாய்வீட்டுக்குப் போயி எத்தினியோ நாளாவுது. அவரே சொன்னாரு. அவரு காலையில வேலைக்குப் போறத நானே பாத்தனே. பூட்டு தொங்குதுன்னுதான் நாங்களும் தாண்டிப் போயிட்டோம்."

அந்தத் தெருவையே காலி பண்ணிய ஆட்கள், பூட்டைப் பார்த்துவிட்டு அந்த வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. "மேல் ஜன்னல்! மேல் ஜன்னல்!" என்றுதான் கத்தினேன். தெருவில் நின்றவர்கள் எனக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மெம்பர் தடுமாறினார். "அடுத்தவன் வூட்டுப் பூட்டும்மா. ஒடைச்சா நாளைக்கு கேஸாயிடும்..."

"கேஸை என் மேல போடச் சொல்லுங்க! தண்ணி தெருவுக்குள்ள வருது, கண்ணு தெரியல?" என்று நான் போட்ட கூச்சலில் வெள்ள வேலைக்கு வந்திருந்த பெண் போலீஸ் ஓடிவந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "ஒடைங்க." சைக்கிள் கடைக்காரர் கடப்பாரையோடு வந்தார்.

கதவு திறந்தது. பயங்கரமாக எதையோ எதிர்பார்த்தேன்போல. கதை படித்துப் படித்து அப்படி ஆகியிருந்தேன். வந்தது சாதாரண ஒரு பெண். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். தெருவையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"நீங்கதான் மாடிப்படி அக்காவா?"

தலையை ஆட்டினேன். அவள் எனக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். உதடு லேசாகச் சிரித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மினி பஸ் எப்படி வரும்னு கேட்டீங்களே. பாருங்க, அதுலதான் வந்திருக்கீங்க."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வேலைக்குப் போகிறேன் என்று கேட்டதில் ஆரம்பித்த சந்தேகமாம். சத்தம் போட்டால் அவ்வளவுதான் என்று மிரட்டி வைத்திருந்தானாம், அன்றைக்குக் காலையில் அவள் கதவைத் தட்டியதும் மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். போனில் சிம்மைப் பிடுங்கிவிட்டு, டிவிக்காகப் போட்டிருந்த வைஃபையில் கதை படிக்க மட்டும் விட்டிருக்கிறான் அவள் கணவன். வந்ததும் போனை வாங்கிப் பார்ப்பானாம்.

"அப்ப நீ எழுதறதெல்லாம் பாத்திருப்பானே?" என்றேன் பதறிப்போய்.

"எல்லாம் படிச்சாருக்கா. நல்லா எழுதறியே, இவ்ளோ திறமையான்னாரு. மகுடம் வந்தன்னிக்கு ஸ்வீட் வாங்கியாந்தாரு."

அன்றைக்குக் கேட்டதிலேயே என்னை அதிகமாக உலுக்கியது அதுதான்.

"எங்கம்மா வூட்டுல முதல்லியே சொன்னேன்க்கா. அனுசரிச்சிப் போன்னுட்டாங்க. நேராச் சொன்னப்ப யாரும் முழுசாக் கேக்கல. கதையாச் சொன்னப்பதான் கடைசி வரிவரைக்கும் படிச்சாங்க. அதான் பஸ்ஸு, மைக்குன்னு ஒண்ணொண்ணா உள்ள வச்சேன். யாராவது ஒருத்தருக்காவது இடிக்கும்ல."

இடித்தது எனக்குத்தான். ஆனால் நான் அதைப் பிழை என்று நினைத்தேன்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, அவளைப் பெண் போலீஸ் பொறுப்பில் விட்டுவிட்டு, ராத்திரி கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஊர் பேர் எதுவும் சொல்லாமல் நடந்ததைக் குழுவில் எழுதினேன். விதியாவது ஒன்றாவது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பார்த்தால் சரம் சரமாக இதயங்கள். 'செம ட்விஸ்ட் மாடிப்படி!' என்று ஒருவர். 'கதைக்குள் கதை, பிரமாதம்' என்று இன்னொருவர். 'இந்த வார மகுடம் உங்களுக்கே' என்று சமையற்கட்டு. 'இது நிஜம், நிஜம்' என்று நான் எழுத எழுத இதயம் கூடிக்கொண்டே போனது. வாசல் மட்டும் தன் போன் நம்பரைப் போட்டு, என்னை உடனே கூப்பிடச் சொன்னார். நடந்ததையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டார். மறுநாளே தனிச்செய்தி வசதியைத் திறந்துவிட்டார், வெள்ளிக்கிழமைப் போட்டியை நிறுத்திவிட்டார்.

அவள் இப்போது கடலூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள். கேஸ் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் எங்கள் வாசற்கதவைத் தாழ்போட விடமாட்டாள், நாங்களும் போடுவதில்லை.

இப்போதும் பஸ்ஸில் கதை படிக்கிறேன், நல்ல வரியைக் கண்டால் விரல் பழக்கத்தில் இதயத்தைத் தேடிப் போகிறது. ஆனால் எழுதியவள் எங்கே உட்கார்ந்து எழுதினாளோ, அவள் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் நினைக்காமல் அதை அழுத்த என்னால் முடிவதில்லை.