அப்பாவுக்கு ஒரு ‘டூ’

மகள் ஒன்பதாம் வகுப்பில் ஜெர்மன் எடுத்தாள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு சமஸ்கிருதம் எடுக்காமல் இதென்ன என்று அவள் அப்பா இரண்டு நாள் கேட்டார். “அவங்களும் நம்மள மாதிரியே வார்த்தைய எல்லாம் சேர்த்துச் சேர்த்து எழுதுறாங்கப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். மூன்றாம் நாள் கேட்பதை விட்டுவிட்டார்.

அரையாண்டில் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். பேச்சுத் தேர்வில் மட்டும் தேர்ச்சிக்கு மூன்று குறைந்தது. ஆண்டுத் தேர்விலும் பேச்சில் தவறினால் பத்தாம் வகுப்பில் வேறு மொழிக்கு மாறவேண்டும் என்று அவளுடைய ஜெர்மன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இலக்கணம் எல்லாம் சுத்தமா இருக்குங்க. ஆனா அப்பாகிட்ட பேசச் சொன்னா, கலெக்டர்கிட்ட மனு குடுக்கற மாதிரி பேசுறா.”

விஷயம் இதுதான். ஜெர்மனில் ‘நீ’ என்பதற்கு ‘டூ’. ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஸீ’. நமக்குப் பழகிய ஏற்பாடுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அங்கே பெற்றோரை ‘டூ’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் மகளுக்கு அம்மா நான் ‘நீ’, அப்பா ‘நீங்க’. தேர்வில், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடும் உரையாடலில், ‘வா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மகள் ‘வாங்க’ என்றிருக்கிறாள். ஆசிரியை திருத்தினார். மறுபடியும் ‘வாங்க’. மூன்றாம் முறை வாயே திறக்கவில்லை.

எதையும் கோடு போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும். அன்று மாலை என் நாட்குறிப்பில் இரண்டு கட்டம் போட்டு, அவளுடைய பாடநூலைப் பார்த்து நிரப்பினேன். ‘டூ’ கட்டத்தில் அப்பா, அம்மா, நண்பர்கள், குழந்தைகள், நாய், பூனை, கடவுள். ‘ஸீ’ கட்டத்தில் ஆசிரியர், கடைக்காரர், போலீஸ்காரர், முன்பின் தெரியாதவர்கள். மகள் எட்டிப் பார்த்தாள்.

“நம்ம வீட்டுக்குச் சரியா வரலம்மா. அப்பாவும் வாழைப்பழக் கடைக்காரரும் ஸீ. நீயும் பூனையும் பெருமாளும் டூ.”

பெருமாளோடு ஒரே கட்டத்தில் இடம் கிடைத்ததால் பூனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பாடத்தை என்னிடமே ஆரம்பித்தோம். அவள் என்னைப் பார்த்து டூ, டூ என்று தங்கு தடையில்லாமல் பொழிந்துகொண்டிருந்தபோது கணவர் ரயில்வே வேலை முடிந்து உள்ளே வந்தார்.

“என்ன, ரெண்டு பேரும் டூ விட்டுக்கிட்டீங்களா?”

சண்டையில்லை, இலக்கணம் என்று விளக்கினேன். கஷ்டம் தன்னால்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். தினமும் வேலை விட்டு வந்ததும், ‘அப்பா, நீ காபி குடிக்கிறாயா?’ என்று அவள் ஜெர்மனில் கேட்டால்தான் காபி குடிப்பேன் என்று அறிவித்தார். முதல் மூன்று நாள் அவள் டம்ளரைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய ‘டூ’ கொதிக்கும் பாலின் சத்தத்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் கேட்கவில்லை என்று தலையாட்டினார். மூன்று நாளும் காபி ஆறிப்போனது.

நான்காம் நாள் பொறுமை இழந்தார். “பெருமாளையே நீன்னுதானே கும்பிடற? என்னைச் சொல்றதுக்கு என்ன?”

“பெருமாள் திரும்பி முறைக்க மாட்டாருப்பா. நீங்க பாக்கறீங்க.”

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். “இப்பக் கேளு.” தாளுக்குப் பின்னாலிருந்த அப்பாவிடம் ‘டூ’ தெளிவாக வந்தது. அதுமுதல் அதுவே முறையாயிற்று. முதல் வாரம் முழுத் தாள். இரண்டாம் வாரம் கண் தெரியுமளவு இறக்கினார். அடுத்த வாரம் மூக்கு. மீசை தெரிந்த அன்று ஒரு பின்னடைவு. இரண்டு நாள் தாளை மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு தாள் மடித்து மேசைமேல் கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். அவர் அன்று இரண்டு டம்ளர் குடித்தார்.

தேர்வன்று அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனேன். மகள் வெளியே வந்ததும் பஸ் ஏறினோம். சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினாள். தேர்வாளர் வேறு பள்ளியிலிருந்து வந்தவராம். உரையாடலில் அவர்தான் அப்பா. லால்குடியில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

“டூ சொன்னியா?”

“எல்லா இடத்துலயும் சொன்னேன். யாரோட போற, எப்ப வருவன்னு என்னென்னமோ கேட்டாரு. கடைசில, சரி போன்னாரு.”

“அப்புறம் என்ன?”

“டாங்கே, பாப்பா, சார்னு சொல்லிட்டேன்.”

டாங்கே என்றால் நன்றி. பாப்பா என்றால் அப்பா. சார் என்றால் சார்தான்.

“ஏண்டி?”

“தலையெல்லாம் நரைச்சிருந்துதும்மா. மரியாதை எங்கயாவது போய் உக்காரணும்ல?”

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். சிரித்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்த ஒரு ‘சாருக்கு’ எத்தனை மதிப்பெண் போகும் என்று எனக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மதிப்பெண் தாள் வந்தது. பேச்சில் தேர்ச்சி, குறைந்தபட்சத்துக்கு மேல் ஐந்து. பத்தாம் வகுப்பிலும் ஜெர்மன் தொடரலாம். கீழே ஆசிரியையின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘டூ அனைத்தும் சரி. அப்பாவுக்கு சார் தேவையில்லை.’

கணவர் அதை இரண்டு முறை படித்தார்.

“மார்க் எதுவும் குறைக்கலைல்ல?” என்றார் மகளிடம். “அப்ப அந்த சார் இருந்துட்டுப் போகட்டும்.”