அக்கா உட்கார்ந்திருந்த ஞாயிறு

காலை பதினொன்று பத்துக்கு எங்கள் கோயில் ஆர்மோனியத்திலிருந்து துதிப்பாட்டின் முதல் சுரம் எழுந்தது. எல்லாம் கைமீறத் தொடங்கியது அப்போதுதான். சித்தூரில் மிஷன் வளாகத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுரம் காதில் விழுந்தால் போதும், கால் தானாக எழுந்துவிடும். ஆராதனை முடிவில் அதைப் பாடும்போது யாரும் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. போர்டிங் ஸ்கூலில் காய்ச்சலில் கிடந்த பையன்கள்கூட, ஜன்னல் வழியே அது கேட்டால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது கோயிலில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன, ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு நிற்கிறது. ஆனாலும் அந்தச் சுரம் வந்தால் எனக்கு முதலில் பெண்கள் பக்கம் கண் போகிறது. அதன் பிறகுதான் கால் எழுகிறது.

விஜயவாடாவிலிருந்து வந்திருந்த பிரதிநிதிக்கு எங்கள் வழக்கம் தெரியாது. சபைகளுக்கான புதிய சட்டத்தைப் பற்றித் தெலுங்கில் பேசி முடித்தவர், ஃபைலை மூடி வைத்துவிட்டு, ஏற்றுக்கொள்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சொல்லிக் கைகூப்பினார். அவர் கைகூப்பியதைப் பார்த்த ஆர்மோனியக்காரர் கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கட்டைகளில் விரலை வைத்துவிட்டார். கோயில் மொத்தமும் எழுந்து நின்றது. அதுவரை சட்டத்தை எதிர்த்துத் தொண்டை கிழியப் பேசிய எங்கள் சபைப் பொருளாளரே எழுந்து நின்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். நானும் நின்று பாடினேன். பிரதிநிதிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஒருமனப்பட்ட சபையை அவர் வேறு ஊரில் பார்த்ததில்லையாம். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் என் அக்கா.

நாடெங்கும் சிதறியிருந்த பழைய மிஷன் சபைகளை ஒன்றாக்குவதற்காக எழுதப்பட்ட தேசிய அமைப்புச் சட்டம் அது. ஒவ்வொரு சபையும் கூடி விவாதித்து முடிவு சொல்ல வேண்டும். பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை விட முடியாது. ஏற்றால் முழுதாக ஏற்க வேண்டும், தள்ளினால் முழுதாகத் தள்ள வேண்டும். அதில் ஒரு விதி, கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு என்றது. இன்னொரு விதி, சபைக்கு வெளியே மணம் முடிப்பவர்களுக்குக் கோயிலில் ஆசீர்வாத ஆராதனை கிடையாது, அங்கத்தினர் உரிமையும் போகும் என்றது. அதுவரை அதெல்லாம் போதகரின் மனதைப் பொறுத்ததாக இருந்தது. பொருளாளருக்கு முதல் விதி வேப்பங்காய், இரண்டாவது விதி வெல்லம். அக்காவுக்கு அது நேர் தலைகீழ். அந்தச் சட்டத்தை முழுதாக விரும்பியவர் எங்கள் கோயிலில் ஒருவரும் இல்லை.

எனக்கு அந்த இரண்டாவது விதி வீட்டுக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. திருப்பதியில் லேப் டெக்னீஷியனாக வேலை செய்துகொண்டிருந்த என் மகள், உடன் வேலை செய்யும் வடமாலபேட்டைப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். தமிழ் பேசும் விவசாயக் குடும்பம், இந்துக்கள், நல்ல மனிதர்கள். உங்கள் கோயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மகள் என்னிடம் நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. தான் ஞானஸ்நானம் வாங்கிய இடத்தில் இருவரும் முழங்காலிட்டு ஒரு ஜெபம் செய்ய வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். இந்த விஷயம் சித்தூரில் எனக்கும் என் மனைவிக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். விவாதத்தில் நான் எழுந்து, விதிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வழியுண்டா என்று கேட்டேன். வழியில்லை என்றார் பிரதிநிதி. அதற்குமேல் வாதாடினால் ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தை வருடாவருடம் நடத்தியது அவள்தான். காணிக்கையாக வந்த பூசணிக்காயை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னாண்ணே, ஜேப்புல தேளா கீது? கைய உள்ள வுட்டா கொட்டிடுமா?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவர் வெட்கத்திலேயே விலையை ஏற்றிவிடுவார். வெதுருகுப்பத்திலிருந்து வந்த சேவலை ஒருமுறை மூன்று பேருக்கு மாற்றி மாற்றி விற்றாள். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போதும் எனக்குள் இருக்கிறது. ஆனால் ஏலம் முடிந்ததும் கமிட்டி அறைக் கதவு சாத்தப்படும். அவள் உள்ளே டீ டம்ளர்களை நீட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதனால்தான் புதிய சட்டத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினாள். விவாதத்தன்று பொருளாளர், "பொம்பளைங்க வந்து ஒக்காந்தா மீட்டிங் எப்ப முடியறது, ஊட்டுக்கு எப்பப் போறது?" என்றார். "நீங்க வாய மூடிக்கினு இருந்தா பொழுதோட முடிஞ்சிடும்ணே" என்றாள் அக்கா. பெண்கள் பக்கம் குலுங்கிச் சிரித்தது.

அப்படிப்பட்டவள் எழுந்து நிற்காததற்குக் காரணம் அவளுடைய முழங்கால். அந்த வாரம் நீர் கோத்து வீங்கியிருந்தது, யாராவது தூக்கிவிட்டால்தான் எழ முடியும். பாட்டு முடிந்ததும் பொருளாளர், "நாங்க பாட்டுக்குத்தான் நின்னோம், சட்டத்துக்கு நிக்கல" என்று கத்தினார். பிரதிநிதி அசையவில்லை, கர்த்தரே எழுப்பி நிறுத்தியவர்களைத் தான் எப்படி உட்காரவைப்பது என்று கேட்டார். எங்கள் பழைய வழக்கப்படி, நிற்காதவர்களில் ஒருவராவது எதிர்ப்பு என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்த ஞாயிறு மறுபடி கூட முடியும். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். பிரதிநிதி இறங்கி அவள் பெஞ்சருகே வந்து, வலியா என்று முழங்காலைக் காட்டி, "மோகாலு நொப்பியாம்மா? பரவாலேது, உங்களையும் நின்னவங்களோட சேத்துடறேன்" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்.

ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை வருடம் கேட்டது அவள் கைக்கு வந்திருக்கும். அவள் பெண்கள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"நொப்பி இல்ல சார். எனக்கு இஷ்டமில்ல. எதிர்ப்புன்னே எழுதிக்கோங்க."

"பாத்தீங்களா, பொம்பளைங்களே வாணான்றாங்க!" என்று பொருளாளர் கை தட்டினார்.

அந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்த பெண்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "ஊடு ஊடா வந்து எங்கள கெளப்பி வுட்டுட்டு நீயே எங்கள குப்புறத் தள்ளிட்டியேக்கா" என்று ஒருத்தி அழுதாள். அக்கா காரணத்தைச் சொல்லாமல், அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரும்படி என்னை அனுப்பினாள். அவர்கள் போனதும், ஏன் இப்படிச் செய்தாய் என்று நானும் கேட்டேன். "இன்னாடா பண்ணச் சொல்றே? கொழந்த கேட்டது ஒரு ஜெபம். நான் எத்தினியோ வருசமா டீ குடுத்துக்கினு கீறேன், இன்னும் கொஞ்ச நாள் குடுத்தா கை தேஞ்சா பூடும்?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. கடைசிவரை அவள் கமிட்டியில் இருந்தாள், கதவைத் திறந்து வைத்துத்தான் கூட்டம் நடத்த வேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டாவது விதிக்கு அவள் கொண்டுவந்த திருத்தம் ஒவ்வொரு சபையின் சம்மதத்துக்காகவும் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில சபைகள் சரி என்றன, சில பதிலே தரவில்லை. என் மகள் திருப்பதியில் நன்றாக இருக்கிறாள். ஆனால் சித்தூருக்கு வந்தால் எங்கள் வீட்டோடு சரி, கோயில் படியை மிதிப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நடுவில் என் தலை தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. பெற்றவனுக்கு இது பழகுவதில்லை. அந்த மறு ஞாயிறு நடந்ததை யாரிடமும் முழுதாக நான் சொன்னதில்லை.

அன்று கோயில் நிறைந்திருந்தது. பொருளாளர் ஆட்களைத் திரட்டி வைத்திருந்தார்; மறுபடி வாக்கெடுத்தால் சட்டம் விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா எதிர்ப்பைத் திரும்பப் பெற்றால் மட்டுமே போன வாரத்து முடிவு நிற்கும். பிரதிநிதி அவளிடம் காரணம் கேட்டார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் மகளின் பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. "இன்னாக்கா, காரணத்த ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பின்வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

என் மகள். அழுதுவிட்டுப் போன பெண்களில் ஒருத்தி அவளுக்குப் போன் செய்து, உன் அத்தை இப்படிச் செய்துவிட்டாள் என்று திட்டியிருக்கிறாள். மீதியை மகளே புரிந்துகொண்டு திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அந்தப் பையன் வெளியே மரத்தடியில் நின்றிருந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்து வரும்போது நான் பாதி எழுந்துவிட்டேன். "நீ ஒக்காரு நைனா" என்றாள், என்னைப் பார்க்காமலே. பிறகு எல்லோர் காதிலும் விழும்படி அக்காவிடம் பேசினாள்.

"எனக்கோசரம்தானே அத்த வாணான்னு சொன்னே? நான் கட்டிக்கப் போறவரு வெளிய நிக்கறாரு, எல்லாரும் பாத்துக்கட்டும். நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கறோம். நீ சரின்னு சொல்லிட்டு அந்த ரூமுக்குள்ள போய் ஒக்காரு. ஒக்காந்து, அந்த விதிய மாத்திட்டு எங்களக் கூப்புடு. எத்தினி வருசம் ஆனாலும் வரோம்."