யாருக்கும் தோன்றுகிற சக்கரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஆனால் எந்தச் சாமானுக்காக நாலு ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வந்தார்களோ, அதை நான் இனிமேல் செய்யக் கூடாது. செய்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். நானே யோசித்து, நானே இரும்பு வெட்டி, நானே பற்றவைத்த சாமான் அது.

பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், கேஜ் வீல். எல்லாப் பட்டறையிலும் குறுக்குப் பட்டைகளை நேராக வைத்துத்தான் பற்றவைப்பார்கள். எங்கள் பக்கத்துக் களிமண் அந்தப் பட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். வயலை ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் சேற்று உருண்டையாகிவிடும். டிரைவர் இறங்கிக் கடப்பாரையால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். நான் இரண்டு போகம் வயலில் இறங்கி நின்று பார்த்தேன். பிறகு பட்டைகளைச் சாய்த்து, ஒன்றுவிட்டு ஒன்று நீளம் குறைத்து வைத்தேன். சேறு தானாக வழுக்கி விழுந்தது. அவ்வளவுதான் சங்கதி.

பல வருஷம் அதைச் செய்து பிழைத்தேன். பிறகு ஒரு நாள் வெளியூர்க் கம்பெனி இன்ஜினியர்கள் இரண்டு பேர் காரில் வந்தார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று வாய் நிறையச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் டேப்பை வைத்து அளந்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். மடையன். மூன்று வருஷம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சாய்ந்த பட்டைச் சக்கரத்துக்கு அந்தக் கம்பெனி காப்புரிமை வாங்கியிருக்கிறதாம். நான் செய்வது திருட்டாம்.

தஞ்சாவூரில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். பொறுமையாக விளக்கினார். கொடுத்த காப்புரிமையை எதிர்க்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. என்னிடம் வந்து அளந்துகொண்டு போனதற்குச் சாட்சி இல்லாததால் வழி இரண்டுதான். அவர்கள் மனுப் போடுவதற்கு முன்னாலேயே இந்தச் சக்கரம் இருந்தது என்று தேதியோடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால், இந்தத் தொழில் தெரிந்த எவனும் சாதாரணமாகச் செய்யக்கூடியதுதான், இதில் கண்டுபிடிப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பில் இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்.

பில்லாவது மண்ணாவது. எனக்குப் பட்டறைக் கூலியை அறுப்பு முடிந்து நெல்லாகத்தான் அளப்பார்கள். மூட்டை வந்து இறங்கினால் முடிந்தது. யாரும் காகிதம் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. தேய்ந்த சக்கரத்தையும் என்னிடமே கொண்டுவந்து போடுவார்கள். அந்த இரும்பை வெட்டித்தான் புதுசு செய்வேன். எனக்கு இருந்த சாட்சியையெல்லாம் என் கையாலேயே வெட்டிப்போட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துச் செய்த மற்ற பட்டறைக்காரர்களோ, நோட்டீஸ் தங்களுக்கும் வந்துவிடும் என்று பயந்து, இப்படி ஒரு சக்கரத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்று சாதித்தார்கள்.

தேதி போட்ட காகிதம் ஒரே ஒரு வீட்டில் இருந்தது. முதல் ஜோடியை நான் செய்துகொடுத்த மிராசுதார் வீடு. செத்துப்போன அந்தப் பெரியவருக்கு தினமும் டைரி எழுதுகிற பழக்கம். அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பழைய பகை; ஆனால் அப்போது ஊரில் டிராக்டர் வைத்திருந்தது அவர்கள் மட்டும்தான். அவர்களுடைய நாலு மா நிலத்தை என் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய அரசாங்கம் சட்டம் போட்டபோது அப்பா மனுக் கொடுத்தார். அதற்காக அவரைக் களத்துமேட்டில் வைத்து ஆள் விட்டு அடித்தார்கள். வலது கை கடைசிவரை சரியாக மடங்கவில்லை. ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள், அப்பா விடவில்லை. பதிவு கிடைத்தது. எங்கள் வீட்டில் மதிப்பான காகிதம் என்றால் அது ஒன்றுதான். அந்த நிலத்து நெல்லைத்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மிராசுதாரின் மகன் சென்னையில் இருந்தார். ஊருக்கு வந்தபோது போய்க் கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து, டைரியைத் தேடி எடுத்தார். பட்டறைக்காரன் இன்று கேஜ் வீல் கொண்டுவந்தான், கீழண்டை வயலில் ஓட்டிப் பார்த்தோம், திருப்தி என்று எழுதியிருந்தது. மேலே தேதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டைரியும் தரேன், சாட்சிக் கையெழுத்தும் போடுறேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

குத்தகைப் பாத்தியதையை விட்டுக் கொடுக்கச் சொன்னார். எங்கள் பதிவு இருக்கும்வரை நிலத்தை நல்ல விலைக்கு விற்க முடியவில்லையாம்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சோறு அந்த நாலு மாவுலேர்ந்துதான் வருது. நாளைக்குச் சக்கரத்தையா வடிச்சுப் போடுறது?" என்று கேட்டாள். நான் கத்தினேன். சக்கரம் போனால் பட்டறை போச்சு, உனக்கு என்ன தெரியும் என்று. மறு வாரம் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் கையை நினைக்காமல் போட வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை.

வக்கீலம்மா டைரியை இரண்டு தடவை படித்தார். தேதி இருக்கிறது, கேஜ் வீல் என்று இருக்கிறது, பட்டை சாய்ந்திருந்தது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். டைரியை வைத்து நேர்ப்பட்டைச் சக்கரத்தை நிரூபிக்கலாம், அதைச் சாய்ப்பது யாரும் செய்கிற வேலை என்று வாதாடலாம், மிச்சம் இருப்பது இந்த ஒரு வழிதான் என்றார்.

"அங்க என்ன கேட்டாலும், இது யாருக்கும் தோணுறதுதான்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

சென்னைக்குப் போகிற ரயில் முழுக்க அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

காப்புரிமை அலுவலகத்து விசாரணை அறையில் ஏசி குளிர் நடுக்கியது. அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர், அதட்டவே இல்லை. இவ்வளவு நுட்பமான வேலையை எப்படிச் செய்தீர்கள், சொல்லுங்கள் ஐயா என்றார். ஐயா! எங்கள் பரம்பரையில் ஒருவனைப் பார்த்துக் கோட்டுப் போட்டவர் யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. நான் சொன்னேன். இரண்டு போகம் சேற்றில் நின்றதை, நாலு ஜோடி பாழானதை, எவ்வளவு சாய்த்தால் சேறு வழுக்கும் என்று தடவித் தடவிக் கண்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

"அப்ப மத்த பட்டறைக்காரங்களுக்கு இது தோணலையா?"

"அவனுங்களுக்கு எங்கேங்க தோணும்?"

கம்பெனி வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டைரியில் சாய்ந்த பட்டை இல்லை, அது மற்றவர்களுக்குத் தோன்றக்கூடியதல்ல என்று எதிர்த்தவரே ஒப்புக்கொண்டார், அதனால் கம்பெனியின் காப்புரிமை செல்லும் என்று உத்தரவு வந்தது. என் பேச்சைத்தான் அப்படியே எழுதியிருந்தார்கள்.

நிலத்தை வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவர் வாங்கினார். போன குறுவைக்கு அங்கே உழுதுகொண்டிருந்த டிராக்டரில் ஒரு பட்டை விட்டுப்போனது என்று பற்றவைக்கக் கூப்பிட்டார்கள். கம்பெனிச் சக்கரம். ரிப்பேர் செய்வதற்கு எனக்குத் தடை இல்லை. எங்கள் நாலு மாவில், முழங்கால் சேற்றில் நின்று பற்றவைத்தேன். டிரைவர் அசலூர்க்காரர், என்னைத் தெரியாது.

"சேறு ஒரு பொட்டு ஒட்ட மாட்டேங்குதுங்க. எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ" என்றார்.

"இது யாருக்கும் தோணுறதுதான்" என்றேன். வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சொல் பிசகாமல் வந்தது.