யதிராஜன் வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்திரை வீதியில் யதிராஜன் சாரைத் தெரியாதவர்கள் கிடையாது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் காரம். அவருடைய ஒரே பெண் கோதா, பாக் விரிகுடாவில் கடற்பசு காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடற்பசு மேய்கிற புல் அடியில் எப்படி வளர்ந்திருக்கிறது என்று மூழ்கிப் பார்க்க வேண்டும். “மாட்டுக்குப் புல்லு பார்க்கவா எம்.எஸ்ஸி. படிச்சா?” என்று வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பாதி பெருமை என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

போன மாசியில் அந்தப் பெருமை பறந்துபோயிற்று. கலங்கிய தண்ணீரில் கோதா கூட வந்தவர்களை விட்டு விலகி, மீன்வலையில் சிக்கிக்கொண்டாள். செபஸ்தியான் என்ற மீனவர் தன் வலையை அறுத்துவிட்டதால் பிழைத்தாள். அதற்குப் பிறகு அப்பா அவளைத் திரும்பப் போக விடவில்லை. “கடலும் வேண்டாம், மாடும் வேண்டாம்” என்றார். அவளோ வேலையை விட மாட்டேன் என்றாள். இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

ஆனாலும் அந்த மனிதருக்கு நேரில் நன்றி சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. போன் போட்டு வீட்டுக்கு அழைத்தார். வெறுங்கையோடு வர செபஸ்தியானுக்கு மனசு வருமா? ஐஸ் பெட்டி நிறையக் கொடுவா மீனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் வீதியில், அதுவும் ஏகாதசியன்று!

எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த நான் வீதியைத் தாண்டி ஓடி வந்தேன். யதிராஜன் சார் ஒரு கணம் தயங்கினார். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உள்ளே வாங்கோ” என்று செபஸ்தியானை அழைத்துவிட்டு, பெட்டியை ஆட்டோக்கார அமிர்தராஜிடம் நீட்டினார். “ஆத்துல எல்லாருமாச் சாப்பிடுங்கோ.”

அப்போதுதான் செபஸ்தியானுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ, நீங்க சைவம்னு தோணவே இல்லைங்க சார்!”

சிரித்தபடியே எல்லோரும் உள்ளே போனோம். கோதாவின் அம்மா வேதவதி மாமி காபி கொண்டுவந்தாள்.

“என் பொண்ணுக்காக உங்க வலையையே அறுத்துட்டேளே” என்றார் யதிராஜன்.

“உள்ளே பாப்பா இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க சார். வலை வெடுக்குவெடுக்குன்னு இழுத்துச்சு. கடற்பசுன்னு நெனச்சேன். அது மூச்சுக்கு மேல வரணும், வலையை இழுக்காதீங்க, உடனே அறுத்து விட்டுடுங்கன்னு எங்க ஊருக்கு வந்து பாப்பாதான் சொல்லிக் குடுத்துச்சு. இல்லேன்னா இழுத்துத்தான் பார்த்திருப்பேன்.”

இழுத்திருந்தால் வலை இறுகியிருக்கும். யதிராஜன் சார் குழந்தை மாதிரி அழுதார். கோதா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளை பஸ் ஏற்றிவிட அவரே கிளம்பினார், கையில் புளியோதரைப் பொட்டலம். ஆட்டோ நகரும்போது அவர் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“அந்த மாட்டைப் பார்த்தேன்னா, அப்பா சேவிச்சதாச் சொல்லு.”